ஃபார்ம்ல அம்மாவோட தொழில்னு இருக்கற எடத்துல என்ன போடறது?

வெளிநாட்டு யூனிவர்சிட்டி ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, அடுத்த மாசம் கிளம்பறேன், ஆனாலும் வருமானச் சான்றுக்கு போன அந்த ஆபீஸ் கவுண்டர்ல நடந்தத நெனச்சா இன்னும் எரியுது. உணவுப் பாதுகாப்பு, ஜென்டர் பாலிசின்னு வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் போட நெனைக்கற தர்மபுரிக்காரங்க இருந்தா படிச்சுக்கோங்க.

ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் டெஸ்ட், காலேஜ் மார்க் டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் சட்டுனு முடிஞ்சுது. பிரிட்டிஷ் அரசோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்குனு ஒரு வாரம் உக்காந்து கட்டுரை எழுதுனேன், அப்புறம்தான் 2,800 மணி நேர வேலை அனுபவம் வேணும்ங்கற வரியே கண்ணுல பட்டுது, நான் வேலைக்கு சேந்து ஆறு மாசம். எலிஜிபிலிட்டிய மொதல்ல பாருங்கப்பா.

வேற ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று கேட்டாங்க. இ-சேவைல 60 ரூபா கட்டி போட்டா ரிட்டர்ன், ஆவணம் தெளிவில்லையாம். பஸ் ஏறி பென்னாகரம் தாலுகா ஆபீஸுக்கு போனா ஆள் இல்ல. மறுநாள் போனா அம்மாவோட இனிஷியல் ரேஷன் கார்டுல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு. மூணாவது தடவ அம்மாவையே கூட்டிட்டு போனேன், அன்னிக்கு கூலி போச்சு.

"அம்மா என்ன வேலை?"

"விவசாயம் சார்."

"பட்டா யார் பேர்ல?"

"அப்பா பேர்ல."

"அப்ப ஹவுஸ் வைஃப்னு போடும்மா."

கவுண்டர் மேல அம்மா கை இருக்கு, காலைல ராகில களை எடுத்த செம்மண்ணு நகக்கண்ணுல அப்படியே இருக்கு. நான் வாய தொறக்கறதுக்குள்ள அம்மா, "போடட்டும் பாப்பா, பஸ்ஸு போயிரும்"ங்குது.

வீட்டுக்கு வந்து, ஏன் இத படிக்கணும்னு எழுதி வெச்சிருந்த எஸ்ஓபி கட்டுரைய கிழிச்சு போட்டேன். 2023 ஐ.நா. அறிவிச்ச சிறுதானிய ஆண்டுனு ஆரம்பிச்சிருந்தேன், அத எல்லாரும்தான் எழுதுவாங்க. அதே வருஷம் நம்ம மாவட்டத்துலயும் நீலகிரிலயும் ரேஷன்ல 2 கிலோ அரிசிக்கு பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சாங்கல்ல, அந்த ராகிய கொள்முதல் நிலையத்துல போட சிட்டா அடங்கல் வேணும், அது அப்பா பேர்ல, பணமும் அப்பா அக்கவுண்ட்டுக்கு. வெதைக்கறதுல இருந்து தூத்தறது வரைக்கும் அம்மா. இதத்தான் எழுதுனேன், அந்த கவுண்டர்ல நடந்ததையும் சேத்து. இன்டர்வியூல பாதி நேரம் இதையேதான் கேட்டாங்க.

ஒரு டிப்ஸ்: ரோம்ல இருக்கற, ஐ.நா.வ சேந்த உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2023 அக்டோபர்ல பாலின சமத்துவத்துக்குனு வழிகாட்டு நெறிமுறை ஏத்துக்கிச்சு, நில உரிமையும் அதுல வருது. இன்டர்வியூக்கு மொத நாள் ராத்திரி அத புரட்டுனதால தப்பிச்சேன்.

சான்று கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்துச்சு. தெறந்து பாத்தா இந்த தடவ அப்பாவோட இனிஷியல் தப்பு.