காத்திருக்கிற நாயை அசைப்பது எப்படி: 372 படம் வரை வந்த கதை

பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி எடுக்கிற ஒரு ஸ்டாப் மோஷன் படத்துக்காக, இதுவரை 372 புகைப்படம் எடுத்திருக்கிறேன். ஓடவிட்டால் 31 வினாடி. அந்த 31 வினாடியில் ஒரு பொம்மை நாய் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் ஓரத்துக்கு நடந்து வருகிறது, உட்காருகிறது, கடலைப் பார்க்கிறது. அவ்வளவுதான். இதற்கு நாலு மாதம் ஆனது என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள் என்னை நினைத்து வருத்தப்படுகிறார்கள்.

ஆரம்பித்தது தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால் இந்தப் பக்கக் கடலில் விசைப்படகுகள் போகக்கூடாது. அந்த நாட்களில் காசிமேடு வேறு ஊர் போல இருக்கும். ஏலச் சத்தம் அடங்கிப்போய், சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாடையும்தான். என் அத்தை அங்கே மீன் விற்கிறவர். சின்னப் படகுகளில் வருகிற கொஞ்சநஞ்ச சங்கராவையும் நெத்திலியையும் வைத்து அந்த இரண்டு மாதத்தை ஓட்டுவார்.

அவருக்கு டிபன் கொண்டுபோன ஒரு விடியற்காலையில்தான் அதைப் பார்த்தேன். செம்பட்டை நிறத்தில் ஒரு பெட்டை நாய். கட்டிக்கிடந்த இரண்டு படகுகளுக்கு நடுவில் தெரிந்த தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒரு படகுக்காரர் சோறு போட்டு வளர்த்ததாம். படகு கரைக்கு வருகிற நேரம் அதற்குத் தெரியுமாம். இப்போது அந்தப் படகு அதன் முதுகுக்குப் பின்னால்தான் கட்டிக்கிடந்தது. ஆள் சொந்த ஊருக்குப் போய்விட்டார். நாய் மட்டும் தினம் அதே நேரத்துக்கு ஆஜர்.

“யாருக்கு அத்தை காத்துனு இருக்கு?”

“மீன் தலைக்கு. வேற யாருக்கு?”

“இப்பதான் போட்டே போகலியே?”

“அதுக்கு இன்னாடா தெரியும்? பழக்கம்.”

விசுவாசமா, மீன் தலையா, பழக்கமா? அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், படம் எடுத்தால் இதைத்தான் எடுக்க வேண்டும், ஆனால் விடை சொல்லக்கூடாது.

கதையைக் கேட்ட நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில் “ஹச்சிகோ” என்றார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். டோக்கியோவில் தன்னை வளர்த்த பேராசிரியர் 1925இல் இறந்த பிறகும், 1935 மார்ச்சில் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த நாய் அது. ஆனால் எனக்குப் பிடித்தது அந்தக் கதையில் பலர் சொல்லாமல் விடுகிற பகுதி. நிலையத்துக்குப் பக்கத்தில் கோழிக்கறியைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பார்கள், அதற்காகத்தான் அது வந்தது என்று சொன்னவர்களும் உண்டு. இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் அந்தக் குச்சிகள் இருந்தன. அத்தையிடம் இதைச் சொன்னேன். “நான் சொல்லலியா?” என்றார், ஜப்பானையே ஜெயித்த மாதிரி.

ஸ்டாப் மோஷன் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பொம்மையைத் துளி நகர்த்து, ஒரு படம் எடு, மறுபடி துளி நகர்த்து, மறுபடி படம். சினிமா வினாடிக்கு 24 படம் ஓடும். ஒவ்வொரு நிலையையும் இரண்டு படத்துக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 நிலை போதும். நான் எடுப்பது அந்த 12 கணக்கில், போனில்.

முதல் நாயைக் களிமண் மாதிரி இருக்கும் எண்ணெய்ப் பிசைமண்ணில் செய்தேன். பிள்ளைகள் விளையாடுவார்களே, அதுதான். எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், எனக்குக் கிடைத்த இடம் மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறை. மே மாதம். மதியம் போய்ப் பார்த்தால் நாய் நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. உண்மையான நாயும் மே மாதத்தில் அப்படித்தான் படுக்கும் என்பதால் கொஞ்ச நேரம் கோபம்கூட வரவில்லை.

இரண்டாவது நாய்க்குக் கம்பி எலும்பு. பாரிமுனைப் பக்கம் போய் 2 மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி வாங்கி, இரண்டு இழையாக முறுக்கி முதுகும் கால்களும் செய்தேன். வளைய வேண்டிய மூட்டுகளை விட்டுவிட்டு, வளையக்கூடாத இடங்களில், காய்ந்தால் கல்லாகிற எம்சீல் பசையைப் பூசினேன். அதற்கு மேல் பழைய மெத்தை ஸ்பாஞ்ச். பாதத்தில் சின்னக் காந்தம், தரைக்கு அடியில் தகரம். தகரத்தின் மேல் ஃபெவிகாலில் ஒட்டிய மணல். ஒட்டாத மணலை மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் விரல் பட்டு இடம் மாறும். ஓடவிட்டால் தரை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

ரோமத்துக்கு எம்.சி. ரோட்டில் பொம்மைத் துணி அரை மீட்டர். அதிலும் இதே எறும்புத் தொல்லைதான். 1933இல் வந்த கிங் காங்கில் குரங்கு பொம்மைக்கு முயல் தோல் போர்த்தியிருந்தார்கள். நகர்த்துகிறவர் விரல் பட்ட இடமெல்லாம் திரையில் மயிர் துடித்துக்கொண்டே இருக்கும். நான் இரண்டு நாள் ஹேர் ஜெல் தடவி அடக்கப் பார்த்தேன். நாய் மழையில் நனைந்த கீரி மாதிரி ஆனது. அத்தை பார்த்துவிட்டு உண்மையாகவே “கீரியாடா?” என்று கேட்டார். பிறகு 2018இல் வந்த ஐல் ஆஃப் டாக்ஸ் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதில் ரோமம் துடிப்பதை மறைக்கவே இல்லை, காற்று கோதுகிற மாதிரி அப்படியே விட்டிருக்கிறார்கள். காசிமேட்டில் இல்லாத காற்றா? ஜெல்லைக் கழுவிவிட்டேன்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொன்று. குப்பைத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட தன் நாயைத் தேடி ஒரு பையன் போகிறான். தேடிப் போகிறவன் மனிதன். இதுவரை நான் பார்த்த நாய்க் கதைகளில் காத்திருக்கும் வேலை பெரும்பாலும் நாய்க்குத்தான் வந்திருக்கிறது. என் படத்திலும் அப்படித்தான். அதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

இனி உண்மையான சிக்கல். நடப்பது சுலபம். நாய் நடப்பதை வீடியோ எடுத்து, காலை எண்ணி எண்ணிச் செய்துவிடலாம். என் நாய் செய்கிற முக்கியமான வேலை சும்மா உட்கார்ந்திருப்பது. ஸ்டாப் மோஷனில் சும்மா உட்கார்ந்திருக்கிற பொம்மை செத்த பொம்மை. 60 படம் அசையாமல் எடுத்து ஓடவிட்டேன். காத்திருக்கிற நாய் தெரியவில்லை, அலமாரியில் வைத்த பொம்மைதான் தெரிந்தது. அதைவிட மோசம், பார்க்கிறவருக்கு வீடியோ நின்றுவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

அதனால் நாலு விடியற்காலை அந்த நாயின் எதிரில் போய் உட்கார்ந்தேன். டீக்கடையில் என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்பது வேறு கதை. காத்திருக்கிற நாய் சும்மா இருப்பதே இல்லை. ஏதாவது சத்தம் வந்தால் முதலில் காது திரும்புகிறது. அப்புறம் மூக்கு. தலை அதற்குப் பிறகு. சத்தம் தான் காத்திருக்கிற சத்தம் இல்லை என்று தெரிந்ததும் தலை திரும்பிவிடுகிறது, காது மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கிறது. அந்தக் காதைப் பார்த்தபோதுதான் என் படம் எனக்குக் கிடைத்தது என்று சொல்வேன்.

மூச்சையும் எண்ணினேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய 20. அப்படியானால் ஒரு மூச்சுக்கு 3 வினாடி, 36 படம். இழுப்பது சீக்கிரம், விடுவது மெதுவாக, நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். ஸ்பாஞ்சுக்கும் கம்பிக்கும் நடுவில் பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செருகி, வயிற்றுக்கு அடியில் ஒரு குச்சியை நீட்டிவிட்டேன். குச்சியைத் தள்ளினால் விலா புடைக்கும். படத்துக்கு அரை மில்லிமீட்டர். முதல் மூச்சு சரியாக வந்த ராத்திரி, மணி ஒன்றிருக்கும், கீழே போய்த் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பிக் காட்டினேன். “மூச்சு விடுது” என்றான். திரும்பிப் படுத்துவிட்டான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வால்தான் இன்னும் அழவைக்கிறது. தமிழில் ‘வாலைக் குழைப்பது’ என்ற சொல் சும்மா வரவில்லை. நான் ஆட்டினேன், கடிகாரப் பெண்டுலம் மாதிரி. குழைவது என்றால் அடிவால் முன்னே போகும், நடு அதற்குப் பின்னால், நுனி கடைசியாக வரும். நுனி இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் அடி மறுபக்கம் கிளம்பிவிட்டிருக்கும். அதற்கு மெல்லிய கம்பி வேண்டும். மெல்லிய கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அலுமினியம் சோர்ந்து ஒடியும். நாலு வால் ஒடிந்தாயிற்று. மூன்றாவது முறை ஒடிந்தபோது முதுகையே பிரிக்க வேண்டி வந்தது. அதற்கப்புறம் பேனா ரீஃபில் குழாயில் ஒரு துண்டு வெட்டிப் பின்புறத்தில் பதித்துவிட்டேன். வால் ஒடிந்தால் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செருகிக்கொள்ளலாம். இந்த நாலு மாதத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

வெளிச்சம். பர்மா பஜாரில் வாங்கிய எல்இடி இரண்டு. போனில் ஷட்டரை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் பூட்டி வைத்தேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும், அதற்கு ஒத்துப்போகிற ஷட்டர் வைத்தால் மினுக்கல் குறையும். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலை, போகஸ் எல்லாவற்றையும் பூட்டியாயிற்று. அப்படியும் படம் மினுக்கியது. ஒரு வாரம் வோல்டேஜைத் திட்டினேன். கடைசியில் குற்றவாளி என் வெள்ளை வேட்டி. நான் கிட்டே நின்றால் வேட்டி பட்டுத் திரும்பும் வெளிச்சம் நாயின் முகத்தில், தள்ளி நின்றால் இல்லை. இப்போது கருப்புச் சட்டை, கருப்பு லுங்கி. “எந்த மலைக்குடா மாலை போட்ட?” என்று அத்தை கேட்கிறார்.

214ஆவது படம் எடுத்தபோது தெருவில் ஒரு கன்டெய்னர் லாரி. துறைமுகத்துக்குப் போகிற லாரி வரிசையால் எங்கள் பக்கம் வீட்டுப் பாத்திரமே பேசும். செட் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனது. முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி செயலியில் இருக்கிறது, அதை வைத்து ஒரு மணி நேரம் ஒட்டிப் பார்த்தேன். முடியவில்லை. அந்த இடத்தில் காட்சியை வெட்டி, நாயின் முகத்துக்குக் கிட்டே போய்விட்டேன். பார்த்தவர்கள் “அந்த க்ளோசப் அருமை” என்கிறார்கள். லாரியைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை.

தடை முடிந்து கடலுக்குப் போன படகுகள் கரைக்குத் திரும்பத் தொடங்கிய வாரத்தில், ஒரு விடியற்காலை அந்தப் படகும் வந்தது. போனை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன். படகுக்காரர் இறங்கியதும் நாய் ஓடியது. வால் மட்டும் இல்லை, பின்பக்கம் முழுவதும் குழைந்தது. அவர் காலைச் சுற்றி இரண்டு சுற்று, முழங்காலில் மூக்கு. அவர் கூடையில் கைவிட்டு ஒரு மீன் தலையை எடுத்துப் போட்டார். நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது.

“பாத்தியா, தலைய வாங்கினு போயிடுச்சு” என்றார் அத்தை.

நானும் பார்த்தேன். வீட்டுக்கு வந்து வீடியோவை நிறுத்தி நிறுத்தி எண்ணினேன். அவரைப் பார்த்ததிலிருந்து மீன் தலை விழுகிறவரை நாலு வினாடி. அந்த நாலு வினாடியில் அது கூடைப் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை, காதுகூட. அடுத்து எடுக்கப்போவது அந்த 48 படத்தைத்தான். ஐந்தாவது வாலுக்குக் கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் முறுக்கவில்லை.