அறளை இல்லை, கல்சியம்

அம்மாவுக்கு 63 வயது. ஊர்ச் சீட்டைத் தனியாளாக நடத்தியவர், கொப்பியில் ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதினார். பிறகு கொப்பியைத் தொடுவதையே விட்டுவிட்டார். நல்லூர்த் தேருக்குக்கூட வெளிக்கிடவில்லை. ஏனென்று கேட்டால் அழுகை, இல்லாவிட்டால் எரிச்சல். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பளித்தார்கள். கிளினிக்கில் மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தார்கள்.

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: இரத்தத்தில் கல்சியம் டெசிலீற்றருக்கு 11.8 மில்லிகிராம் என்ற அறிக்கை அதே கிளினிக் கொப்பியில் ஒட்டியபடி கிடந்தது. பக்கத்திலேயே 8.5 முதல் 10.5 வரை என்று இயல்பளவும் அச்சாகியிருந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. புதிதாக வந்த இளம் மருத்துவர்தான் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, அந்த எண்ணில் விரலை வைத்து, "மலச்சிக்கல் இருக்கிறதா அம்மா? அடிக்கடி விடாய்க்கிறதா?" என்று கேட்டார். இரண்டும் இருந்தன.

தைரொயிட்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் பொதுவாக நான்கு பராதைரொயிட் சுரப்பிகள் உண்டு. ஒன்று கட்டியாகி அளவு மீறி ஹோர்மோனைச் சுரந்தாலே இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும். எலும்பு தேய்வதும் சிறுநீரகக் கல்லும் மட்டுமல்ல, மறதி, சோர்வு, மனவாட்டம் எல்லாம் அதனோடு வரலாம். சில இரத்த அழுத்த மாத்திரைகளும், மனநோய்க்குத் தரும் லித்தியமும் கல்சியத்தை ஏற்றும். ஆகவே மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கல்சியத்தையும் பராதைரொயிட் ஹோர்மோனையும் ஒரே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். அது சுலபமாக முடிந்தது. மாட்டிக்கொண்டது 24 மணிநேரச் சிறுநீரில். பரம்பரையாக வரும் ஒரு நிலையிலும் இரத்த முடிவு இதேபோல இருக்கும், ஆனால் அதற்குச் சத்திரசிகிச்சை பயன்படாது. அதைப் பிரித்தறியத்தான் இந்தச் சோதனை. "எந்தப் போத்தலென்றாலும் பரவாயில்லை" என்றார் ஆய்வுகூடத்தில் துண்டு எழுதியவர். சோடாப் போத்தலில் சேர்த்து, பையில் மறைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனால், உள்ளேயிருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. அவர்கள் தரும் கலனில்தான் சேர்க்க வேண்டுமாம். அம்மா அந்த வாசலிலேயே, "இனி என்னை எங்கேயும் இழுக்காதே பிள்ளை" என்று உட்கார்ந்துவிட்டார். கலனைக் கையில் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

ஸ்கானுக்குக் கொழும்பு போய் வந்தோம். கட்டியான சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. கல்சியம் இயல்பின் மேலெல்லையை 1 மில்லிகிராமுக்கு மேல் தாண்டியிருந்ததால்தான் வெட்டுகிறோம், மனம் தெளியும் என்று உறுதி தரமாட்டேன் என சத்திரசிகிச்சை நிபுணர் முன்கூட்டியே சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது. மறுநாள் கல்சியம் இறங்கியதில் உதடும் விரல்நுனியும் விறைத்தன. உடனே தாதி மிஸ்ஸியிடம் சொன்னதால் கல்சிய மாத்திரை கூட்டினார்கள்.

அழுகை நின்றுவிட்டது. மறதி பாதிதான் குறைந்திருக்கிறது. ஆனால் போன கிழமை, சீட்டுக்காசு தராமல் இழுத்தடிப்பவர் யாரென்று பெயரோடும் தொகையோடும் அவரே சொன்னார். 6 மாதம் கழித்தும் கல்சியம் சரியாக இருந்தால்தான் குணம் என்று கணக்கு. அந்தச் சோதனைத் திகதியைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுவித்திருக்கிறேன். உள்ளே எழுதினால் யார் புரட்டப் போகிறார்கள்?