சூரியன் மறையும் நேரம்

குவீன்ஸில் ஒரு மருத்துவமனை லேபில் எனக்கு வேலை. பதினான்கு பேருக்கு ஷிப்ட் சார்ட் போடும் பொறுப்பு, சீனியர் என்ற பெயரில் என் தலையில் விழுந்தது. நியூயார்க்கில் எத்தனை மதங்கள் என்று எனக்குத் தெரியாது. எத்தனை காலண்டர்கள் என்றால் ஓரளவு சொல்வேன்.

முதல் வருடமே சொதப்பினேன். எங்களுடன் யூத நண்பர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவருக்கு சபாத் என்ற வார ஓய்வு நாள் தொடங்கிவிடும். பிறகு ரயில் ஏற மாட்டார், விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார். உயிர் காக்கும் அவசரம் என்றால் சபாத்தை மீறலாம், மீறியே ஆகவேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆனால் வழக்கமான சர்க்கரைப் பரிசோதனை அதில் சேராதே. அக்டோபர் தொடக்கத்தில் மாலை ஐந்து வரை ஷிப்ட் கொடுத்தேன். ஆறரை வரை வெளிச்சம் இருந்ததால் சிக்கலில்லை. அதையே நவம்பருக்கும் அப்படியே ஒட்டிவிட்டேன். நவம்பர் முதல் ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதன்பின் ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அடுத்த வெள்ளி மூன்று மணிக்கு அவர் என் மேசைக்கு வந்து, எதுவும் பேசாமல் ஜன்னலைக் காட்டினார். அவரை அனுப்பிவிட்டு ஐந்து வரை நானே உட்கார்ந்தேன். அன்று முதல் என் சார்ட்டில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஒரு தனிக் கட்டம் உண்டு.

அந்தக் கட்டம் நோன்பு மாதத்துக்கும் உதவியது. இஸ்லாமியக் காலண்டர் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். போன வருடச் சார்ட்டைப் பார்த்துப் போட முடியாது.

2022 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமையை மறக்கவே முடியாது. பகலில் புனித வெள்ளி. பிலிப்பைன்ஸ்காரர்கள் மூவருக்கும் லீவு வேண்டும். ரமலான் நடக்கிறது, வங்கதேசத்து நண்பர் இருவருக்கும் ஜும்ஆ தொழுகைக்கு ஒரு மணி நேரம், அப்புறம் மாலை ஏழரைக்கு நோன்பு திறக்கப் பதினைந்து நிமிடம். அதே மாலை யூதர்களின் பஸ்கா பண்டிகை தொடங்குகிறது. முந்தின நாள்தான் எங்கள் சித்திரைப் புத்தாண்டு, பஞ்சாபி அம்மாவுக்கு வைசாகி. நாங்கள் இருவரும் கொண்டாடி முடித்துவிட்டதால், வெள்ளிக்கிழமை எங்கள் தலையில். டிசம்பர் 25 அன்று லேபை நடத்துவது யார் என்று நினைக்கிறீர்கள்? யூதரும் முஸ்லிம்களும் நாங்களும்தான். இந்தக் கணக்கு எந்தச் சார்ட்டிலும் இருக்காது, ஆனால் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

சட்டமும் இருக்கிறது. ஊழியரின் மத வழக்கத்துக்கு நியாயமான அளவில் இடம் கொடு என்பது அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் வழி வந்தது. ஞாயிறு வேலைக்கு வர மறுத்த தபால்காரர் ஒருவரின் வழக்கில், 2023இல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது: சில்லறைச் செலவைக் காட்டி முதலாளி தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் எங்கள் லேபில் சட்டத்தை யாரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. 'நீ எனக்கு, நான் உனக்கு' என்பதோடு சரி.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு, உண்மையைச் சொன்னால் அதன் கேன்டீன் தோசைக்கு, போகும்போதெல்லாம் அதே பௌன் தெருவில் இருக்கும் பழைய மரவீட்டைப் பார்ப்பேன். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடித் தொழ இடம் கொடுத்ததற்காக 1662இல் கைதானவரின் வீடு அது. அன்று இங்கே இருந்த டச்சு ஆட்சி அவரை நாடு கடத்தியது. ஹாலந்துக்கே போய் மேலிடத்தில் முறையிட்டுத் திரும்பி வந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பெருநாள் நாளையா, மறுநாளா என்று பிறை பார்க்கும்வரை உறுதியாகாது. வங்கதேச நண்பர்கள் இருவரும் வேறு வேறு பள்ளிவாசல். சில வருடம் ஆளுக்கொரு நாள் கேட்பார்கள். "ஒரு தேதி சொல்லக்கூடாதா?" என்று சலித்துக்கொள்வேன்.

2024இல் நகரப் பள்ளிகளுக்கு முதன்முறையாகத் தீபாவளி விடுமுறை கிடைத்தது: நவம்பர் 1. எனக்கு அன்று லீவு போட்டுவைத்திருந்தார்கள். எங்களுக்கு அக்டோபர் 31 என்று மெல்லச் சொன்னேன்.

"அப்படியானால் மறுநாள் என்ன?" என்றார் வங்கதேச நண்பர்களில் பெரியவர்.

"அது வேறு சிலருக்கு. அமாவாசைக் கணக்கு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தேதி சொல்லக்கூடாதா?"