1,300 ரூபாய் ஆட்டோவும் விபூதிபூஷணின் காட்சிலாவும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆட்டோவுக்கு 1,300 ரூபாய் அழுத கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகத்தான் திட்டம். பார்ப்போம்.

காட்சிலா ஜார்க்கண்டில், கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில், சுவர்ணரேகா ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். சென்னையிலிருந்து போகிறவர்கள் ஹவுரா வரை போய்த் திரும்ப வேண்டாம். கரக்பூரிலேயே இறங்கி, டாடாநகர் பக்கம் போகிற ரயிலில் ஏறினால் சுமார் 100 கிலோமீட்டர்தான். கரக்பூர் நடைமேடை ஒரு காலத்தில் உலகத்திலேயே நீளமானது என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம் அல்லவா, அதன் அர்த்தம் பையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தபோதுதான் புரிந்தது. ரயிலில் கூட்டம். ஜால்முரி (காரப் பொரி) பத்து ரூபாய். அவ்வளவுதான், அந்தப் பகுதியில் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஏன் காட்சிலா? விபூதிபூஷண் பந்தோபாத்யாய. 'பதேர் பாஞ்சாலி' நாவலை எழுதிய வங்காள எழுத்தாளர். நம்மில் நிறையப் பேருக்கு 1955இல் சத்யஜித் ராய் எடுத்த படம் வழியாகத்தான் அவரைத் தெரியும். எனக்கு 'வனவாசி' வழியாக. வங்காளத்தில் 'ஆரண்யக்', தமிழில் த.நா. சேனாபதி மொழிபெயர்த்தது. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதியாகக் கிடைத்தது, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அபராதம் கட்டினேன். அவருடைய வீடு இந்த ஊரில் இருக்கிறது, 1950 நவம்பர் 1 அன்று அவர் காலமானதும் இதே ஊரில்தான் என்று தெரிந்த நாளிலிருந்தே போக வேண்டும் என்று நச்சரிப்பு.

வீட்டின் பெயர் கௌரி குஞ்ஜ. ஸ்டேஷனிலிருந்து பேட்டரி ரிக்‌ஷாவில் போய்விடலாம், தஹிகோரா என்று சொன்னால் போதும். வீட்டை ஒட்டிப் போகிற பாதைக்கு 'அபுவின் பாதை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், 'பதேர் பாஞ்சாலி'யில் வரும் சிறுவன் அபுதான். வீடு சின்னது, ரொம்பவே சின்னது. அவர் உடுத்திய துணி, கடிதங்கள், படங்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். மடித்து வைத்திருந்த துணியில் மடிப்பு ஓடிய இடம் மட்டும் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்பேறியிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். எழுதி வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் வங்காளத்தில், எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். 'கௌரி' அவருடைய முதல் மனைவி. கல்யாணமாகி ஓராண்டு போலத்தான் வாழ்ந்தார், 1918இல் இறந்துவிட்டார். அதற்கப்புறம் விபூதிபூஷண் இருபது வருஷத்துக்கு மேல் தனியாக இருந்துவிட்டு 1940இல்தான் ரமாதேவியை மணந்தார். வீட்டுக்கு ஏற்கெனவே முதல் மனைவியின் பெயர். ரமாதேவி அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ என்று வாசலிலேயே நின்று யோசித்தேன், எனக்குத் தேவையில்லாத யோசனைதான்.

வீட்டைப் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். அப்புறம்தான் சிக்கல். புருடி ஏரிக்கும் தாராகிரி அருவிக்கும் போக ஆட்டோதான் வழி. அண்ணன் ஒருவர் (வயதில் என்னைவிடச் சின்னவர், ஆனால் பேரத்தில் எனக்குத் தாத்தா) 1,200 என்று ஆரம்பித்தார். என் உடைந்த இந்தியை வைத்துக்கொண்டு ஆயிரத்துக்கு இறக்கினேன், பெரிய சாதனை என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் "காத்திருந்ததுக்கு முந்நூறு" என்றார். நீங்கள்தானே சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னீர்கள் என்றால் சிரிக்கிறார். ஜனவரியில் கல்கத்தாக்காரர்கள் குடும்பம் குடும்பமாக இறங்குகிற பருவம், காட்சிலா அவர்களுக்கு அந்தக் காலத்திலிருந்தே காற்று மாற்றிக்கொள்ள வருகிற ஊர், அதனால் இந்த ஒன்றரை மாதத்தில் ஆட்டோவும் லாட்ஜும் வைத்ததுதான் விலை. லாட்ஜில் கேட்டபோது எழுநூறு எண்ணூறுக்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது என்றார்கள். முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

தாராகிரியில் தண்ணீர் இல்லை. நம் வீட்டில் குழாயை ஒழுங்காக மூடாவிட்டால் சொட்டுமே, அந்த அளவு. மழைக்காலம் முடிந்த கையோடு போங்கள், இல்லாவிட்டால் போகாதீர்கள். புருடி ஏரி அப்படியில்லை. சுற்றிலும் மலை, நடுவில் அசையாத தண்ணீர், காசு கொடுத்ததற்கு வஞ்சனை இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது சாப்பாட்டைப் பற்றி. ஏரிக்கரையில் கீற்றும் தார்ப்பாயும் போட்ட சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. அருவிக்குப் போகும்போதே எத்தனை பேர், என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சமைத்து வைத்திருப்பார்கள். விறகடுப்பு, அம்மியில் அரைத்த மசாலா, நாட்டுக்கோழி. வங்காளிக் கோழிக் குழம்பில் உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாகப் போட மாட்டார்கள், பாதியாக வெட்டி மஞ்சள் போட்டுப் பொரித்து அப்படியே இறக்குவார்கள், அது குழம்பைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும், கோழியைவிட எனக்கு அதுதான் பிடித்தது. கடுகெண்ணெய் வாசனை முதல் கவளத்தில் மூக்கைப் பிடுங்கியது, மூன்றாவது கவளத்தில் மறந்துபோனது. சோறு தைத்த சால் மர இலையில், கேட்கக் கேட்கப் போட்டார்கள். 180 ரூபாய். இந்தப் பயணத்தில் நான் மனசாரக் கொடுத்த ஒரே காசு.

சாப்பிடும்போது 'வனவாசி'தான் ஞாபகம். அதில் ஜமீன் காட்டுக்கு மேலாளராக வரும் சத்யசரணைச் சுற்றி இருக்கிற ஜனங்களுக்குச் சோறு என்பதே விருந்து. புல்லரிசி மாதிரி ஏதோ தின்றுதான் காலம் தள்ளுகிறார்கள், யாராவது சோறு போடுகிறார்கள் என்றால் மைல் கணக்கில் நடந்து வருகிறார்கள். காட்டை அழகாக எழுதியவர் என்று எல்லாரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் எனக்கு அவர் பசியை எழுதியவர். 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவின் அக்கா துர்கா எந்த வீட்டுத் தோப்பில் என்ன பொறுக்குகிறாள் என்று பாருங்கள். 1940இல் வந்த 'ஆதர்ச இந்து ஹோட்டல்' முழுக்க முழுக்க ஒரு சமையல்காரரின் கதை. ராணாகாட் ரயிலடியில் ஏழு ரூபாய் சம்பளத்துக்கு ஹோட்டலில் வேகிற ஹாஜாரி, என்றைக்காவது சொந்தமாக ஒரு ஹோட்டல் போட வேண்டும் என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். நான் ஆட்டோ கணக்குப் போட்டதைவிட மரியாதையான கணக்கு. விபூதிபூஷணுக்குப் பணமில்லாமை வெளியிலிருந்து பார்த்த விஷயமில்லை. அப்பா கதை சொல்லிப் பிழைத்தவர். மகன் காசில்லாமல் மேல்படிப்பை விட்டவர், பள்ளி வாத்தியார், பசுப் பாதுகாப்புச் சபைக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர், அப்புறம் பாகல்பூரில் எஸ்டேட் வேலை. அங்கே இருந்தபோதுதான் 'பதேர் பாஞ்சாலி'யை எழுதினார், 1929இல் புத்தகமானது.

இதில் எனக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். ஆப்பிரிக்காவை எட்டிக்கூடப் பார்க்காமல் 1937இல் 'சாந்தேர் பஹார்' எழுதினார், உகாண்டா ரயில்வேயில் வேலைக்குப் போகிற வங்காளிப் பையன், சிங்கம், வைரம், எரிமலை எல்லாம் உண்டு. புத்தகங்களைப் படித்தே எழுதியது. நான் ஒரு நூறு கிலோமீட்டர் தாண்டினாலே பர்ஸைத் தடவிப் பார்க்கிறேன்.

மாலையில் திரும்பும்போது அதே ஆட்டோக்காரர், பூல்டுங்ரி குன்றைக் காட்டி வண்டியை நிறுத்தினார். சால் மரங்கள் நிற்கிற சின்ன மேடு, ஏறப் பத்து நிமிஷம் ஆகாது. பிபூதிபாபு தினமும் இங்கே நடப்பார் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் காட்டில் ஒரு பாடையைப் பார்த்தாராம், துணியை விலக்கினால் அவருடைய முகமே இருந்ததாம் என்றார். வங்காளிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிற கதை. நம்புகிறேனா என்றால் இல்லை, ஆனால் அந்த இருட்டுகிற நேரத்தில் மரத்தடியில் நின்று கேட்டபோது கை மயிர் எழுந்து நின்றது. 56 வயதுதான் ஆகியிருந்தது அவருக்கு. திரும்பி ஆட்டோவில் ஏறும்போது, கதைக்குத் தனியாகக் காசா என்று கேட்டேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சிரித்தார். லாட்ஜ் வாசலில்தான் அந்த முந்நூறைக் கேட்டார்.

தங்குமிடம் பற்றிச் சொல்ல மறந்தேவிட்டேன். ஸ்டேஷன் பக்கம் லாட்ஜ்கள் இருக்கின்றன, எனக்கு 900 ரூபாய், வெந்நீர் வாளிக்கு இருபது. கிளம்புகிற அன்று பேரீச்சம்பனை வெல்லம் ஒரு கிலோ வாங்கினேன், பாகுபோல இளகலாக இருந்தது. கரக்பூர் வருவதற்குள் பைக்குள் ஒழுகி, 'வனவாசி'யின் கடைசி இருபது பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.