தேங்க்ஸ்கிவிங் இனிப்பு வேலையைப் புதன்கிழமையே முடித்துவிடுங்கள்

நன்றியறிதல் விருந்து நாளான தேங்க்ஸ்கிவிங் வரும் நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமையன்று அமெரிக்க வீடுகளில் ஓவன் ஒழிவதே இல்லை. ஆறேழு கிலோ எடையுள்ள வான்கோழி உள்ளே போனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கேயே இருக்கும். அது வெளியே வந்ததும், ஸ்டஃபிங் என்ற மசாலா ரொட்டிக் கலவையும், கேசரோல் என்று ஓவனில் வேகவைக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பதார்த்தமும் இடம் பிடிக்கக் காத்திருக்கும். இந்த நெரிசலில் இனிப்பையும் அன்றைக்கே செய்துவிடலாம் என்று எண்ணும் தோழிகளிடம் நான் சொல்வது, மாவுக் கூட்டில் இனிப்புக் கலவையை ஊற்றி வேகவைக்கும் ‘பை’ (pie) வகைகளான பம்ப்கின் (பூசணி) பையும் பெக்கன் கொட்டைப் பையும் புதன்கிழமை இரவு வேலை என்பதுதான். ஓவனில் இடமில்லை என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. முட்டையும் பாலும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த இந்த இனிப்புகள், ஓவனை விட்டு வந்து நன்றாக ஆறிய பிறகே இறுகி, துண்டு போடும் பதத்துக்கு வருகின்றன.

முதலில் பூசணி. ஹாலோவீனுக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி நாரும் நீருமாக இருக்கும். அதைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். டப்பாவில் அடைத்து வரும் விழுதே இதற்கு ஏற்றது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிப்பிஸ் நிறுவனம் இல்லினாய் மாநிலத்து மார்ட்டன் நகரில் டப்பாவில் அடைக்கும் டிக்கின்சன் என்ற ரகம், வெளிர்பழுப்புத் தோலுடன் நீள்வாட்டில் இருக்கும். தாவரவியல்படி அது நம் பரங்கிக்காயின் இனம். 425 கிராம் டப்பா ஒன்று, 354 மில்லி எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டப்பாப் பால்), இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் பட்டைப் பொடி, அரை டீஸ்பூன் சுக்குப் பொடி, கால் டீஸ்பூன் கிராம்புப் பொடி, அரை டீஸ்பூன் உப்பு என்பது பல குடும்பங்களில் வழிவழியாக வரும் அளவு. நான் விழுதைச் சர்க்கரையோடும் மசாலாவோடும் வாணலியில் சில நிமிடங்கள் கிளறி, பச்சை வாசனை போனபின் ஆறவைத்தே முட்டையையும் பாலையும் சேர்க்கிறேன். நீர் சுண்டுவதால் சுவை அடர்த்தியாகிறது. கிராம்பை மட்டும் யார் சொன்னாலும் கூட்டாதீர்கள், மற்ற மணங்களையெல்லாம் அது விழுங்கிவிடும்.

இந்தக் கலவை அடிப்படையில் ஒரு கஸ்டர்ட். முட்டையின் புரதம் ஏறத்தாழ 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கெட்டிப்பட்டுப் பாலைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மேலும் சூடேறினால் புரதம் சுருங்கி நீரை வெளியே தள்ள, மேற்பரப்பில் வெடிப்பு விழுகிறது. ஆகவே 425 டிகிரியில் பதினைந்து நிமிடம் வைத்து, 350-க்கு இறக்கி, நாற்பது நிமிடம் ஆனதுமே பார்க்கத் தொடங்க வேண்டும். தட்டை இலேசாக அசைத்தால் ஓரம் அசையாமல், நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் தளதளவென்று ஆடினால் எடுத்துவிடலாம். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். கத்தியைக் குத்திப் பார்க்கச் சொல்லும் குறிப்புகள் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் அந்தக் கீறலிலிருந்தே வெடிப்பு கிளம்புகிறது.

க்ரஸ்ட் எனப்படும் அந்த மாவுக் கூட்டுக்கு ஒன்றேகால் கப் மைதா, 113 கிராம் வெண்ணெய், மூன்று நான்கு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர், சிட்டிகை உப்பு போதும். வெண்ணெய் உருகாமல் சிறு துண்டுகளாகவே மாவில் தங்கினால்தான், ஓவனின் சூட்டில் அதன் நீர் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகப் பிரிக்கும். பூசணிக் கலவையை ஊற்றுமுன் க்ரஸ்டைத் தனியாக அரைவேக்காடு வேகவைப்பது நல்லது. அப்போது அது உப்பாமலிருக்க, பேக்கிங் தாளை விரித்து அதன்மேல் கொண்டைக்கடலையைக் கொட்டினால் போதும், இதற்கென்று விற்கும் பீங்கான் குண்டுகள் வீண்செலவு.

பெக்கன் பைதான் என் விருப்பம். பெக்கன் வட அமெரிக்காவின் சொந்த மரம். விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாததால், நல்ல ரகத்தைப் பெருக்க ஒட்டுக் கட்டியாக வேண்டும். அதை 1840-களில் லூசியானாவின் ஓக் ஆலி தோட்டத்தில் வெற்றிகரமாகச் செய்து காட்டியவர், அங்கே அடிமையாக வைக்கப்பட்டிருந்த அன்டுவான் என்ற தோட்டக்காரர். அவர் கைப்பட்ட மரங்களின் கொட்டை 1876-இல் பிலடெல்ஃபியா நூற்றாண்டுக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்று, சென்டெனியல் என்ற பெயரும் பெற்றது. அவருடைய முழுப்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பெக்கன் இன்று பெருந்தோட்டப் பயிராகியிருப்பதன் தொடக்கத்தில் அவர் நிற்கிறார் என்பதை, விருந்து மேசையில் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

இந்தப் பையின் உயிர், மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் பாகான கார்ன் சிரப். வெறும் சர்க்கரைப் பாகு ஆறும்போது மீண்டும் மணல்மணலாகப் பூத்துவிடும். பாகில் நாம் எலுமிச்சைச் சாறு சில துளி விடுவது எதைத் தடுக்கவோ, அதையேதான் கார்ன் சிரப்பின் குளுக்கோஸும் இங்கே தடுக்கிறது. இனிப்பு திகட்டும் என்பது நியாயமான குறை. உருக்கும் வெண்ணெயைப் பழுப்பேறும்வரை விட்டு, கொட்டைகளை முன்கூட்டியே வறுத்து, உப்பைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்தால் திகட்டல் அடங்குகிறது. முழுவதும் ஆறுமுன் வெட்டினால் தட்டில் பாகு ஓடும், ஆகவே இதற்கும் ஓர் இரவு தேவை.

நம்மவர் வீட்டு விருந்தில் சைவ உணவினர் நிச்சயம் இருப்பார்கள். கடையில் வாங்கும் சில க்ரஸ்டுகளில் பன்றிக் கொழுப்பும், சர்க்கரைவள்ளிக் கேசரோலின் மேல் தூவும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் உண்டு. லேபிளைப் படிக்காமல் பரிமாறக் கூடாது. முட்டை சேர்க்காதவர்களுக்குப் பூசணிக் கலவையைச் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) கொண்டு அடுப்பிலேயே கொதிக்கவைத்துக் கெட்டியாக்கி, முழுதாக வெந்த க்ரஸ்டில் ஊற்றிக் குளிர்விக்கலாம்.

முட்டையும் பாலும் சேர்ந்தவை என்பதால், வெளியே எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் பைகளை ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். ஆறாமல் மூடினால் மேலே நீர் கோத்துக்கொள்ளும். வியாழனன்று செய்ய வேண்டியதெல்லாம், வான்கோழியை அறுக்கும் நேரத்தில் பெக்கன் பையைக் குளிர் விட வெளியே வைப்பதும், சாப்பாடு முடியும் தறுவாயில் க்ரீமை அடிப்பதும்தான். க்ரீமில் சர்க்கரையை மிகக் குறைவாகப் போடுங்கள், பையிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.