பதினான்காம் மாடிக்கு எட்டாத குழாய்

காப்பெற் (தரைவிரிப்பு) கழுவும் அந்த மெஷினை முதன்முதலாகப் பார்த்தது கனடாவில், ரொறொன்ரோவை ஒட்டிய மிசிசாகாவில், ஒரு தொழிற்பேட்டையின் பின்முற்றத்தில். விற்பவர் பழைய வெள்ளை வானின் பின்கதவுகளைத் திறந்துவிட்டுச் சாவியைத் திருகினார். எஞ்சின் பிடித்தது. காற்றை இழுக்கும் புளோவர் வேகமெடுத்ததும் காலுக்குக் கீழே கொங்கிறீற் அதிர்ந்தது. குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். பிய்த்து எடுக்க மற்றக் கையும் தேவைப்பட்டது. அந்த இடத்திலேயே விலை பேசி முடித்தேன். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அதற்கு முன் நாலு வருடம் இன்னொருவரிடம் சம்பளத்துக்குக் காப்பெற் கழுவினேன். அவரிடம் இருந்தது போர்ட்டபிள் மெஷின், சில்லு வைத்த பெரிய சூட்கேஸ் மாதிரி. அதற்கு இரண்டு மின்வயர். இங்கே வீட்டு மின்சுற்று பெரும்பாலும் 15 அம்பியர் என்பதால் இரண்டையும் ஒரே சுற்றில் செருகினால் பிறேக்கர் விழுந்துவிடும். ஒன்றைக் குசினியிலும் மற்றதைக் குளியலறையிலும் செருக வேண்டும். எந்தச் செருகி எந்தச் சுற்று என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. ஈரச் சப்பாத்தோடு பேஸ்மென்றுக்கு ஓடி பிறேக்கரைத் தூக்கிவிட்டு வருவேன், ஐந்து நிமிடத்தில் திரும்பவும் விழும். அழுக்குத் தண்ணீரை வாளி வாளியாகக் கழிவறையில் ஊற்ற வேண்டும். அப்படி ஒரு நாள் வாளியும் கையுமாய் நின்றபோதுதான், சொந்தமாகத் தொடங்கினால் ட்ரக் மவுன்ற்தான் என்று முடிவெடுத்தேன்.

ட்ரக் மவுன்ற் என்றால் எஞ்சின், பம்ப், புளோவர், தொட்டி எல்லாம் வானுக்குள்ளேயே இருக்கும். வீட்டுக்குள் போவது இரண்டு குழாயும், கையில் பிடித்துக் காப்பெற்றின் மேல் இழுக்கும் 'வாண்ட்' என்ற கோலும் மட்டும்தான். மெல்லிய குழாய் சுடுநீரைக் கொண்டுபோகும், தடித்த குழாய் அழுக்கோடு அதை உறிஞ்சிக்கொண்டு வரும். வாடிக்கையாளர்கள் 'ஸ்ரீம் கிளீனிங்' என்பார்கள். அதில் ஆவி கிடையாது, நல்ல சூடான தண்ணீர்தான். எஞ்சினும் புளோவரும் வீணாய் வெளியே விடும் சூட்டைப் பிடித்துத்தான் பெரும்பாலான மெஷின்கள் தண்ணீரைக் காய்ச்சுகின்றன. இந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான். எங்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சியையும் வீணாக்காத அம்மாவுக்கு இது பிடித்திருக்கும்.

இதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, தனக்கென்று சொந்த எஞ்சின் உள்ள ஸ்லைட்-இன். மற்றது, வானின் எஞ்சினையே பயன்படுத்தும் டிரெக்ற் டிரைவ். இரண்டாவதில் பின்பக்கம் இடம் தாராளம், பராமரிக்க ஒரு எஞ்சின்தான். ஆனால் வான் கராஜுக்குப் போனால் தொழிலும் கூடவே கராஜுக்குப் போகும். ஸ்லைட்-இன் என்றால் வான் செத்தாலும் மெஷினைக் கழற்றி இன்னொரு வானில் ஏற்றலாம். நான் ஸ்லைட்-இன் எடுத்ததில் இன்றுவரை வருத்தமில்லை. சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

விற்பவர் "இது 47 புளோவர்" என்றார், தங்க நகையின் கரட் சொல்வது போல. நானும் தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். 4 என்பது கியரின் விட்டம், அங்குலத்தில். 7 என்பது உள்ளே சுழலும் உருளையின் நீளம். 45 என்றால் அதே கியர், உருளை மட்டும் இரண்டு அங்குலம் கட்டை. 47 இழுக்கும் காற்றின் அளவு, நீண்ட குழாய்க்கும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கழுவுவதற்கும் ஏற்றது. நான் தனி ஆள், எனக்கு இருப்பது இரண்டு கை. ஒருவன் வேலைக்கு இரண்டு பேரின் பெற்றோலை எரித்துக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் அந்த உள்ளங்கை வித்தை. குழாயின் வாயை முழுதாக அடைத்தால் வீட்டு வக்யூம் கிளீனரும்தான் கையை இழுத்துப் பிடிக்கும். அது காட்டுவது இழுவிசையை. அதற்கும் ஓர் எல்லை வைத்து, மிஞ்சினால் காற்றை உள்ளே விட ஒரு வால்வு இருக்கும். காப்பெற்றில் ஊறிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவது காற்றோட்டம். 150 அடி குழாயைத் தாண்டி வாண்டின் நுனியில் அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி. பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் முழு நீளக் குழாயையும் மாட்டச் சொல்லி, ஒரு துண்டுக் காப்பெற்றைக் கழுவிக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் எஞ்சின் எத்தனை மணிநேரம் ஓடியது என்று காட்டும் மணிமீற்றரையும் புளோவர் எண்ணெயின் நிறத்தையும் பார்க்கலாம். நான் பார்த்தது வானின் பெயின்றை.

பாரம் இன்னொரு பாடம். கோடையில் வீட்டுக்காரரின் வெளிக் குழாயில் ஹோஸைப் பூட்டித் தண்ணீர் எடுக்கலாம். குளிர் தொடங்கியதும் குழாய் வெடிக்காமலிருக்க எல்லோரும் வெளிக் குழாயை உள்ளிருந்தே பூட்டிவிடுவார்கள். ஆகவே குளிர்காலத்தில் தண்ணீரை நாமே சுமக்க வேண்டும். 100 கலன் தொட்டி என்றால் 380 கிலோ. அதன் மேல் மெஷின், குழாய்ச் சுருள்கள், இரசாயனக் கலன்கள். அழுக்குத் தொட்டியும் நிறைந்தால் இன்னும் கூடும். வானுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பது சாரதிக் கதவின் ஓரத்து ஸ்டிக்கரில் எழுதியிருக்கிறது. நான் அதைக் குனிந்து வாசித்தது, மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு பிறேக் போட்டு, பாதி நிறைந்த தொட்டியின் தண்ணீர் முன்னால் பாய்ந்து வானைத் தள்ளிய பிறகுதான். முன்னால் நின்ற காருக்கும் எனக்கும் நடுவே ஒரு கைகூட இல்லை.

குளிர்தான் பெரிய செலவு வைத்தது. எனக்குச் சூடான கராஜ் இல்லை. இரவில் வானுக்குள் ஒரு சின்ன மின் ஹீற்றரை வைத்து வீட்டிலிருந்து வயர் இழுத்துவிடுவேன். 2013 டிசம்பரில் ரொறொன்ரோவில் உறைமழை கொட்டியது. மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன, இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மின்சாரம் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். அங்கே மூன்றாம் நாள் தேநீர் குடிக்கும்போதுதான் ஹீற்றர் நினைவுக்கு வந்தது. நத்தாருக்கு முந்தைய வாரம் நல்ல வேலை, களைப்பில் மெஷினை வடிக்காமல் விட்டிருந்தேன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. பம்பின் தலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, அதிலிருந்து பனிக்கட்டி ஒரு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சூடாக்கும் பகுதியின் செப்புக் குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது, வெடித்த வெள்ளரிப்பழம் மாதிரி. கொடுத்த விலையில் கால்வாசி அந்தப் பழுதுக்கே போனது. இப்போது, எவ்வளவு களைத்தாலும் குளிர் இரவுகளில் உறையாத திரவத்தைக் குழாய்களில் ஓடவிட்டுத்தான் படுக்கை.

வாசலோரம் வானை ஒட்டி நிறுத்தாதே, புகை உள்ளே போகும் என்பதையும் ஒரு வீட்டின் கார்பன் மொனொக்சைட் அலாரம் கத்தித்தான் சொல்லித் தந்தது. அழுக்குத் தண்ணீரை மட்டும் நான் ஒருநாளும் தெருவோர வடிகாலில் விட்டதில்லை. விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மழைநீர் வடிகால் சுத்திகரிப்புக்குப் போகாமல் நேரே ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் போகும். மாநகர விதியும் அதைத் தடுக்கிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு, பஞ்சு மயிரை வடித்துவிட்டுக் கழிவறையில் ஊற்றலாம், அல்லது தொட்டியோடு கொண்டுபோய் முறையான இடத்தில் இறக்கலாம்.

சூடும் இழுவையும் இருந்தால் எந்தக் கறையும் போகும் என்ற எண்ணமும் ஒருநாள் கலைந்தது. ஒரு அக்கா வீட்டில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே மஞ்சள் கறை. கழுவுமுன் தெளிக்கும், காரத்தன்மை கூடிய திரவத்தை அடித்தேன். கண்முன்னே கறை செக்கச்சிவந்தது.

"ஐயோ தம்பி, மஞ்சளாய் இருந்ததைக் குங்குமமாக்கிப் போட்டீரே!"

ஆலத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்ததைக் காப்பெற்றில் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை. புளிப்பான கழுவுநீர் அதைத் திரும்பவும் மஞ்சளாக்கியது, அதற்குமேல் நகரவில்லை. திரைச்சீலையைத் திறந்துவிட்டு வெயில் படவிடச் சொன்னேன். சில வாரம் கழித்து வெளிறிவிட்டது என்று கூப்பிட்டுச் சொன்னார். 47 புளோவரால் முடியாததை யன்னல் வெயில் செய்தது.

இவ்வளவையும் சமாளித்திருப்பேன். சமாளிக்க முடியாதது ரொறொன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபுறோவின் தொடர்மாடிகள். என்னை நம்பி வேலை தந்தவர்களில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். வானைக் கீழே நிறுத்தினால் குழாய் மூன்றாம் மாடியோடு திணறும். லிஃப்ற் கதவுக்குள்ளால் குழாய் இழுக்க முடியாது, படிக்கட்டில் இழுத்தால் காவலாளி விடமாட்டார். பதினான்காம் மாடியிலிருந்து ஒரு ஐயா கூப்பிட்டார், காப்பெற் போட்ட இரண்டு அறை. வான் நிறைய மெஷினை வைத்துக்கொண்டு "ஏலாது ஐயா" என்றேன். அதே வாரம் ஒரு பழைய போர்ட்டபிள் வாங்கினேன், நாலு வருடம் நான் வெறுத்த அதே சூட்கேஸ். அந்த வருடக் கணக்கை எழுதிப் பார்த்தபோது அதுதான் கூட உழைத்திருந்தது.

போன மாதம் மருமகன் முறையான ஒரு பெடியன் போன் எடுத்தான். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கப் போகிறானாம். நல்ல ட்ரக் மவுன்ற் ஒன்று வந்திருக்கிறதாம், 47 புளோவராம்.

"கையை வைச்சுப் பாத்தியோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா, எடுக்கவே ஏலாமப் போச்சு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதுவரை அவன் கழுவிய கடைசி இருபது வீட்டு விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் எத்தனையாம் மாடி, வானை எங்கே நிறுத்தலாம் என்று குறித்து அனுப்பச் சொன்னேன். இரவு படம் வந்தது. கோழிக்கிறுக்கல் எழுத்து. எண்ணிப் பார்த்தேன்: இருபதில் பதின்மூன்று தொடர்மாடி. பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்தே செய்தி வந்தது.

"மாமா, போர்ட்டபிளுக்கு எத்தனை அடி வயர் வாங்கிறது?"