மில்லில் மூன்று தடவை ஏமாந்து, கடைசியில் மிக்சியில் அரைத்த மாவு

வீட்டில் ஒருவருக்குக் கோதுமை சேராது. மில்லில் அரைத்த அரிசி மாவைச் சாப்பிட்டு மூன்றாவது தடவையும் உடம்பெல்லாம் தடிப்பு வந்த பிறகுதான் அரவை மில்லுக்குள்ளேயே போய் நின்று பார்த்தேன். அதுவரைக்கும் பச்சரிசித் தூக்கை நீட்டி, "கோதுமை போட்ட மிசின்ல போட்டுறாதீங்கண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அரிசி மிசினு தனி, கோதுமை மிசினு தனிக்கா. நீங்க நிம்மதியா போங்க" என்றார் மில்லுக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. மிசின் இரண்டும் தனிதான். ஆனால் மாவு விழும் வாயில் கட்டியிருக்கிற துணிக்குழாயைப் பாருங்கள். அதைத் துவைப்பதே இல்லை, தட்டுவதோடு சரி. அன்றைக்கு நான் தட்டச் சொன்னேன். உள் மடிப்பிலிருந்து ஒரு கைப்பிடிக்குக் குறையாமல் பழைய மாவு உதிர்ந்தது, அதில் பழுப்பு நிறமும் கலந்திருந்தது. கூட்டம் சேர்ந்தாலோ ஒரு மிசினில் பெல்ட் அறுந்தாலோ எல்லாம் ஒரே மிசினுக்குப் போகிறது. மாவு அள்ளும் தகர டப்பா, கூட்டுகிற பிரஷ், சல்லடை எல்லாம் பொது. இதெல்லாம் போதாதென்று மில் முழுக்க மிதக்கிற மாவுத்தூசி வேறு.

முதலில் ஒரு கிலோ அரிசியைத் 'தள்ளுமாவாக' ஓட்டிக் கழித்துவிட்டு நம்முடையதைப் போடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்து பார்த்தேன். மாவு வெள்ளையாகத்தான் வந்தது, தடிப்பும் கூடவே வந்தது. அஜீரணம், வயிறு உப்புசம் என்கிற அளவில் இருப்பவர்களுக்கு அது போதுமோ என்னவோ. நிஜமான ஒவ்வாமைக்கும், குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய்க்கும் போதாது. மில்லைக் குறை சொல்லிப் பயனில்லை, அது நமக்காக ஓடுகிற மில் இல்லை.

இதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மாவாக எதையும் வாங்காதீர்கள், தானியமாக வாங்குங்கள். தானியத்தைப் பொறுக்கலாம், சலிக்கலாம், கழுவலாம். மாவில் கலந்ததை யாராலும் பிரிக்க முடியாது.

கேழ்வரகு, குதிரைவாலி, சாமை இதெல்லாம் சுலபம். கோதுமை மணி பெரிசு, இவை பொடிசு. சரியான கண் உள்ள சல்லடையில் போட்டால் சிறுதானியம் கீழே இறங்கிவிடும், கோதுமையும் கல்லும் மேலே நிற்கும். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் விளைகிற குதிரைவாலி சந்தைக்கு வரும்போது மூட்டையாக வாங்கிவிட்டால் வருஷத்துக்கும் கவலையில்லை. அரிசிதான் தொல்லை. கோதுமை மணியும் அதுவும் ஏறக்குறைய ஒரே அளவு, சல்லடை உதவாது. தட்டில் பரப்பிக் கண்ணால்தான் பொறுக்கவேண்டும். ரேஷன் அரிசி என்றால் கட்டாயம் பொறுக்குங்கள். கோதுமை போட்ட அதே தராசுத் தட்டில்தான் அதையும் போடுகிறார்கள். பொறுக்கிய பிறகு நாலு தண்ணீரில் அலசினால் ஒட்டியிருக்கும் தூசியும் போய்விடும்.

இடியாப்ப மாவை வீட்டிலேயே செய்யப் பயப்படவேண்டாம். ஒரு கிலோ பச்சரிசி, இரண்டு மணி நேரம் ஊறல், வடிகட்டி வெள்ளைத் துணியில் நிழலில் உலர்த்தல். மதுரை வெயில் காலத்தில் அரை மணி கூட ஆகாது. அரிசியைக் கையில் பிடித்தால் ஈரம் தெரியவேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது. இந்தக் கட்டத்தைத் தவறவிட்டால் இரண்டு விதத்தில் கெடும்: ஈரம் மிஞ்சினால் ஜாருக்குள் அப்பிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் மாவு ரவையாகவே நிற்கும். மிக்சியில் இருநூறு இருநூறு கிராமாகப் போட்டு, முப்பது விநாடி ஓட்டி நிறுத்தி, சலித்து, கப்பியை மறுபடி போடவேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் மோட்டார் சூடாகும், அந்தச் சூட்டில் மாவும் கட்டிதட்டும். பிறகு இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வறுங்கள். ஆவி அடங்கவேண்டும், நிறம் மாறக்கூடாது. விரல்களில் ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் இழுத்தால் கோலம் போல இழை அறாமல் விழவேண்டும். அதுதான் பதம். நன்றாக ஆறுகிறவரை டப்பாவில் அடைக்காதீர்கள். மூடிக்குக் கீழே வியர்த்தால் மூன்றே நாளில் புளித்த வாடை வந்துவிடும்.

'பசையம் (கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம்) இல்லாதது' என்று ஆங்கிலத்தில் போட்டு விற்கிற அரை கிலோ பாக்கெட்டின் விலைக்கு மூன்று கிலோ பச்சரிசி வாங்கிவிடலாம். மின்சாரத்தையும் கைவலியையும் சேர்த்தாலும் லாபம்தான்.

காய வைக்கிற இடமும் முக்கியம். ஒரு நாள் கேழ்வரகை மொட்டைமாடியில் பரப்பிவிட்டு வந்தேன். பக்கத்து மாடியில் கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார்கள், காற்று இங்கிட்டு. அந்த இரண்டு கிலோவும் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டது. இப்போது மேலே மெல்லிய துணி போர்த்தாமல் எதையும் காயவைப்பதில்லை.

இவ்வளவும் செய்து ஒரு மாதம் நிம்மதியாக இருந்த பிறகு, சாம்பார் சாப்பிட்ட அன்று மறுபடியும் தடிப்பு. அன்றைக்குச் சாப்பிட்டது வீட்டு இட்லி, வீட்டுச் சாம்பார், வீட்டில் இடித்த பொடி. வெளியிலிருந்து வந்த ஒரே பொருள் பெருங்காயம்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கடுகு அளவு எழுத்தில் கோதுமை மாவு, கருவேலம் பிசின், பெருங்காயம் என்று இருந்தது. முதலில் இருப்பது கோதுமை. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகத்தான் போடவேண்டும் என்பது விதி. அப்படியானால் நாம் வாங்குவது பெருங்காய வாசனை போட்ட கோதுமை மாவு. இதற்குச் சட்டப்படியே பெயர் கூட்டுப் பெருங்காயம். செடியின் வேரிலிருந்து வடிகிற பிசின் தனியாக இருந்தால் ஒட்டும், வீச்சமும் தாங்காது. ஈரான், ஆப்கானிஸ்தானிலிருந்து வருவதால் விலையும் அதிகம். அதனால்தான் மாவு கலப்பு. கலப்பது மோசடி இல்லை, ஆனால் நம் வீட்டுக்கு அது விஷம்.

"பெருங்காயத்துல எங்கக்கா கோதுமை? அது பெருங்காயம்" என்றார் கடைக்காரப் பையன். டப்பாவைக் காட்டினேன். "அட, ஆமால்ல" என்றவர் அதே வேகத்தில், "அப்ப கட்டியா வாங்கிக்கங்க, அது சுத்தம்" என்றார். நானும் நம்பி, கீழமாசி வீதி வரைக்கும் போய்க் கட்டிப் பெருங்காயம் வாங்கி வந்து பிரித்தேன். அதே மூன்று சேர்மானம், அதே வரிசை. பிரித்த டப்பாவைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றார்கள். போக வர ஆட்டோக் காசும் போச்சு. கட்டி என்பது வடிவம்தான், சுத்தத்துக்கு அத்தாட்சி இல்லை.

நாட்டு மருந்துக் கடையில் பால் பெருங்காயம் என்று கேளுங்கள். மிளகு அளவு கிள்ளிக் கரண்டியில் வைத்துப் பற்றவைத்தால் கற்பூரம் மாதிரி எரியவேண்டும். தண்ணீரில் கரைத்தால் பால் போல வெளுக்கும். டிங்க்சர் அயோடின் விட்டு நீலமானால் மாவு இருக்கிறது. ஆனால் எந்த மாவு என்று அயோடின் சொல்லாது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் நீலமாகத்தான் ஆகும். அரிசி மாவு கலந்தது கம்பெனி டப்பாவிலேயே கிடைக்கிறது, பின்பக்கம் படித்து வாங்கினால் போதும்.

பால் பெருங்காயத்தை அப்படியே போட்டால் குழம்பு கசக்கும். பத்து கிராமை வெறும் சட்டியில் சின்னத் தீயில் பொரியவிட்டு ஆறவைத்தால் நொறுங்கும். வறுத்த வீட்டு அரிசி மாவு ஐம்பது கிராம் சேர்த்து மிக்சியில் சுற்றினால் கடைத்தூளின் காரத்துக்கு வந்துவிடும். பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் திறக்க மறந்து, இரண்டு நாள் தலையணையிலெல்லாம் சாம்பார் வாசம். பொடிக்கப் பொறுமை இல்லாவிட்டால் பட்டாணி அளவு உருண்டையை அரை டம்ளர் வெந்நீரில் ஊறப்போட்டு, குழம்பு கொதிக்கும்போது ஒரு ஸ்பூன் விடலாம். தாளிப்பில் மட்டும் விடாதீர்கள், எண்ணெய் தெறிக்கும்.

பெருங்காயம் தெரிந்த பிறகு அது இருக்கும் இடமெல்லாம் கண்ணில் படும்: ஊறுகாய், ரசப்பொடி, இட்லிப்பொடி, உளுந்து வடை, கோயில் புளியோதரை, நம்மூர் அப்பளம். அப்பளத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கவேண்டும்: தேய்க்கும்போது ஒட்டாமல் இருக்கத் தூவுவது அரிசி மாவா, மைதாவா? பலருக்கு இந்தக் கேள்வியே புரியாது. ஓட்டலில் சால்னாவைக் கெட்டியாக்க என்ன போடுகிறார்கள், பரோட்டாக் கல்லிலேயே தோசையும் ஊற்றுகிறார்களா என்றும் கேளுங்கள். பரோட்டாவுக்கு மாற்று தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த அடுக்கு மைதாவின் பசையால் வருவது, அரிசியில் வராது.

சப்பாத்தி மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் கேழ்வரகு மாவு ஒரு கப், இசப்கோல் உமி (மலச்சிக்கலுக்கு மருந்துக் கடையில் விற்பது) ஒரு டீஸ்பூன், உப்பு. கொதிக்கும் தண்ணீர் ஊற்றிக் கிளறி, பத்து நிமிஷம் மூடி வைத்து, சூடு பொறுக்கும்போதே பிசைந்து தட்டுங்கள். உமி இல்லாமல் செய்தால் ஓரம் வெடித்துக் கல்லிலேயே உடையும்.

பாத்திரங்களில் மூன்றை மாற்றுங்கள்: சல்லடை, சப்பாத்திப் பலகை, மரக்கரண்டி. கழுவினாலும் சல்லடைக் கண்ணிலும் மரத்தின் கீறலிலும் மாவு தங்கும். மிக்சி ஜாரை மாற்றவேண்டாம், மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவினால் போதும். கழற்றிப் பாருங்கள், உள்ளே என்னென்ன இருக்கிறதென்று. இரும்புத் தோசைக்கல்லைக் கல்லுப்பும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்து, காயவைத்து, மறுபடி எண்ணெய் பழக்கினால் புதுக்கல்தான்.

பாக்கெட் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிப்படி ஒவ்வாமை தரும் பொருளைத் தனியாகக் காட்டியிருக்கவேண்டும், அந்த வரியைத் தேடுங்கள். பசையம் இல்லாதது என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 'கோதுமை இல்லை' என்று மட்டும் போட்டிருந்தால் சீலியாக் உள்ளவர்கள் பார்லியையும் அதை முளைகட்டிச் செய்கிற மால்ட்டையும் தேடிப் பார்க்கவேண்டும். உதிரியாக விற்கிற பொடிக்கு லேபிளே கிடையாது, அதனால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஒரு வீண் அலைச்சலையும் சொல்லிவிடுகிறேன். சீலியாக் சந்தேகம் என்று ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது இங்கே கோதுமையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்தது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு என்று பணம் கட்டிய பிறகு சொன்னார்கள். நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுங்கள். கோதுமை பட்டவுடன் மூச்சு இரைக்கிறவர்கள், பரிசோதனைக்காகக் கூட வீட்டில் தாங்களாகச் சாப்பிட்டுப் பார்க்கக்கூடாது.

சாம்பார் பொடி அளவு கேட்பவர்களுக்கு: மல்லி 250 கிராம், காய்ந்த மிளகாய் 150, துவரம்பருப்பு 75, கடலைப்பருப்பு 50, மிளகு 25, சீரகம் 25, வெந்தயம் 15, விரலி மஞ்சள் 20. மஞ்சளை முதலில் இடிகல்லில் உடைத்துவிடுங்கள், முழுசாகப் போட்டால் மிக்சி பிளேடு வளையும். மிளகாய் இரண்டு வெயில் காய்ந்து, ஆட்டினால் விதை சலசலக்கவேண்டும். அரைத்ததைத் தாளில் பரப்பி ஆறவைத்துத்தான் டப்பாவில் அடைக்கவேண்டும்.

அடுத்தது தீபாவளி முறுக்கு. நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை மட்டும் வாசம் வரும்வரை வறுத்துத் தனியாக அரைத்துச் சலித்து வைத்தாயிற்று. கடலை மாவு சேர்க்கிறவர்கள் அதையும் கடையில் வாங்காமல் கடலைப்பருப்பிலிருந்தே அரைத்துக்கொள்ளுங்கள், அதே மாதிரி மில்லிலிருந்துதான் அதுவும் வருகிறது.